பல் வலி வரும் முன்பே: வாய் நலத்துக்கான வீட்டுக் குறிப்புகள்

காலையில் பல் விளக்காமல் காபியைத் தொடக் கூடாது என்று கண்டிப்பாக இருக்கும் வீடுகள் நம்முடையவை. அதே வீட்டில், இரவு சர்க்கரை போட்ட பாலைக் குடித்துவிட்டு, ஒரு வாழைப்பழத்தையும் தின்றுவிட்டு அப்படியே படுத்துவிடுவதை யாரும் தவறாக நினைப்பதில்லை. சொத்தையும் ஈறு நோயும் வேரூன்றுவது பெரும்பாலும் அந்த இரவு நேரத்தில்தான். எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் ஆறும். பல்லின் மேலுள்ள எனாமலில் குழி விழுந்துவிட்டால் உடம்பு அதைத் திரும்ப வளர்த்துத் தராது. ஆகவே பல்லுக்கு நல்லது செய்ய நினைப்பவர்கள் வலிக்கு முன்பே செய்துவிட வேண்டும். பெரிய செலவில்லாமல் வீட்டிலேயே கடைப்பிடிக்கக் கூடியவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. ஒரே ஒரு பழக்கத்தைத்தான் மாற்ற முடியும் என்றால் இதை மாற்றுங்கள்: இரவு கட்டாயம் பல் விளக்குங்கள். நாம் சாப்பிடும் சர்க்கரையையும் மாவுப் பொருளையும் வாயில் உள்ள கிருமிகள் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலத்தைத் தணித்து, பல் இழந்த கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திருப்பிக் கொடுப்பது உமிழ்நீர். தூங்கும்போது உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும். பல்லிடுக்கில் ஒட்டிய சோறும் பிஸ்கட்டும் விடியும்வரை கேட்பாரின்றி அமிலமாகிக்கொண்டிருக்கும். பகலில் அரை மணி நேரத்தில் அடங்கும் பாதிப்பு இரவில் மணிக்கணக்காக நீள்வதற்குக் காரணம் இதுதான். விளக்கிய பிறகு தண்ணீரைத் தவிர வேறெதுவும் வாய்க்குள் போகக் கூடாது. குழந்தைக்குப் பால் கொடுப்பதென்றால் முதலில் பால், அதன்பின் பல். அடுக்களை வேலை முடிந்து களைத்து விழும் நேரத்தில் பிரஷைத் தேட மனம் வராது என்பது உண்மைதான். அதனால் படுக்கும் நேரத்துக்கென்று தள்ளிப்போடாமல், இரவுச் சாப்பாடு முடிந்து சிறிது நேரத்திலேயே வீட்டில் எல்லோரும் சேர்ந்து விளக்கிவிடுவது நல்லது. பெரியவர்கள் செய்தால் குழந்தைகள் தாமாகவே செய்வார்கள்.

2. காலையில் சாப்பிடும் முன் பல் விளக்கும் நம் வழக்கம் சரியானதே, அதை மாற்ற வேண்டியதில்லை. சிலர் சாப்பிட்ட பிறகும் விளக்க விரும்புவார்கள். எலுமிச்சைச் சாறு, ஆரஞ்சு, சோடா, கோலா போன்ற புளிப்பானவற்றை எடுத்துக்கொண்டவுடன் மட்டும் விளக்காதீர்கள். அமிலம் பட்ட எனாமல் சற்று நேரம் மென்மையாக இருக்கும், அப்போது பிரஷ் பட்டால் தேய்ந்துபோகும். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, குறைந்தது அரை மணி நேரம் கழித்து விளக்குங்கள். வாந்தி எடுத்த பிறகும் இதே முறைதான்.

3. பிரஷ் வாங்கும்போது 'சாஃப்ட்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடினமான பிரஷ்தான் அழுக்கைப் போக்கும் என்று நம்பி, தரையைத் தேய்ப்பதுபோல் குறுக்கே தேய்ப்பவர்கள் ஏராளம். ஈறு கீழிறங்கி, பல்லின் கழுத்துப் பகுதி ஆப்பு வெட்டியதுபோல் தேய்ந்து, தண்ணீர் பட்டாலே கூசுவதற்கு இப்படி முரட்டுத்தனமாகத் தேய்ப்பது ஒரு முக்கியக் காரணம். பிரஷின் இழைகள் பாதி ஈறிலும் பாதி பல்லிலும் படும்படி சாய்த்துப் பிடித்து, இருந்த இடத்திலேயே மெல்ல அசைத்து, பிறகு பல்லின் நுனியை நோக்கி இழுங்கள். வெளிப்பக்கம், உட்பக்கம், மெல்லும் பரப்பு என்று மூன்று பக்கமும் சேர்த்து இரண்டு நிமிடம் ஆக வேண்டும். பெரும்பாலோர் விட்டுவிடுவது கீழ் முன்பற்களின் உட்பக்கத்தை. காரை முதலில் படிவதும் அங்கேதான். இழைகள் விரிந்துவிட்டால் உடனே மாற்றுங்கள், விரியாவிட்டாலும் மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஈரமான பிரஷை மூடி போட்டு அடைக்காமல் காற்றில் உலரும்படி நிறுத்தி வையுங்கள்.

4. விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் நீளத்துக்கும் பேஸ்ட் பிதுக்கத் தேவையில்லை. பெரியவர்களுக்கே பட்டாணி அளவு போதும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசியளவு, மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணி அளவு. பேஸ்ட் எந்தக் கம்பெனியுடையது என்பதைவிட அதில் ஃப்ளோரைடு இருக்கிறதா என்பது முக்கியம். அட்டைப்பெட்டியிலும் ட்யூபிலும் அளவு அச்சிடப்பட்டிருக்கும். இந்தியாவில் பேஸ்ட்டில் 1000 பிபிஎம் வரை ஃப்ளோரைடு சேர்க்க அனுமதி உண்டு. கிராம்பு, வேம்பு, உப்பு என்று எத்தனை பெயர் போட்டிருந்தாலும், ஃப்ளோரைடு இல்லாத பேஸ்ட்டுக்குச் சொத்தையைத் தடுக்கும் ஆற்றல் குறைவு. இன்னொன்று: விளக்கி முடித்ததும் நுரையைத் துப்புங்கள், ஆனால் டம்ளர் டம்ளராகத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள். மிஞ்சி நிற்கும் ஃப்ளோரைடுதான் அடுத்த சில மணி நேரம் பல்லைக் காக்கிறது. முதலில் சில நாள் வாய் வழவழப்பாகத் தோன்றும், பிறகு பழகிவிடும்.

5. அடுப்புக்கரி, செங்கல் தூள், சாம்பல், கல்லுப்பு ஆகியவை வேண்டாம். இவை பல்லை வெளுக்கச் செய்வது, அழுக்கோடு சேர்த்து எனாமலையும் சுரண்டி எடுப்பதால்தான். இப்போது அழகிய டப்பாவில் வரும் கரிப்பொடிக்கும் இது பொருந்தும். காவி கலந்த சிவப்புப் பல்பொடியைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் பெரியவர்களின் பற்களைக் கவனித்துப் பாருங்கள், முன்பக்கம் வழவழவென்று தேய்ந்திருக்கும். புகையிலை கலந்த பல்பொடி, பேஸ்ட் ஆகியவற்றுக்கு இந்தியாவில் 1992-லேயே தடை வந்துவிட்டது. அப்படி ஏதாவது கைக்கு வந்தால் தூக்கி எறியுங்கள். வேப்பங்குச்சியும் ஆலங்குச்சியும் கெடுதல் இல்லை. நுனியை நன்றாக மென்று நாராக்கி மென்மையாகத் தேய்ப்பவர்களுக்குப் பல்லின் வெளிப்பக்கம் சுத்தமாகவே இருக்கும். உட்பக்கமும் கடைவாய்ப் பற்களும் அதற்கு எட்டாது என்பதால், காலையில் குச்சி வைத்துக்கொண்டாலும் இரவில் பிரஷைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

6. பல்லிடுக்கில் சிக்கியதை எடுக்க ஊக்கு, தீக்குச்சி, தென்னை ஈர்க்கு எதையும் விடாதீர்கள். ஈறு கிழியும், இடுக்கு பெரிதாகும். மருந்துக்கடையில் கிடைக்கும் பல்நூலை மெல்ல உள்ளே இறக்கி, பல்லை ஒட்டி மேலும் கீழும் இழுத்து எடுங்கள். இடைவெளி அதிகம் உள்ளவர்களுக்கு இடுக்கில் நுழையும் குட்டி பிரஷ் இன்னும் வசதி. தினமும் ஒரே இடத்தில் உணவு சிக்குகிறது என்றால் அங்கே சொத்தை விழுந்திருக்கலாம், அல்லது ஈறு இறங்கியிருக்கலாம். அந்த இடத்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

7. நாக்கு வழிப்பது நம்மிடம் தொன்றுதொட்டு இருக்கும் நல்ல பழக்கம். வாய் நாற்றத்தின் பெரும்பகுதி நாக்கின் பின்பகுதியில் படியும் மாவிலிருந்து வருகிறது. எவர்சில்வரோ செம்போ, முனை மழுங்கிய வழிப்பானால் பின்னிருந்து முன்னாக இரண்டு மூன்று முறை மெல்ல இழுத்தால் போதும். குமட்டிக்கொண்டு கண்ணீர் வரும்வரை வழிக்கத் தேவையில்லை.

8. சாப்பிட்டுக் கையலம்பும்போதே வாயையும் கொப்பளிக்கும் பழக்கம், ஸ்பூனும் டிஷ்யூ பேப்பரும் வந்தபின் குறைந்துவருகிறது. பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் இதை விடாதீர்கள். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் இழுப்பவர்களும், இனிப்பான சிரப் மருந்து குடிக்கும் குழந்தைகளும் ஒவ்வொரு முறையும் அவசியம் கொப்பளிக்க வேண்டும்.

9. இனிப்பு எவ்வளவு தின்கிறோம் என்பதைவிட, எத்தனை முறை தின்கிறோம், அது பல்லில் எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறது என்பதே பல்லுக்கு முக்கியம். இதை உலகுக்கு உறுதிப்படுத்தியது ஸ்வீடன் நாட்டு லுண்ட் நகரின் விபேஹோல்ம் மருத்துவமனையில் 1940-களின் நடுவில் தொடங்கிய ஆய்வு. அங்கிருந்த மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு, அவர்களுடைய சம்மதம் பெறாமலே, ஒட்டும் டாஃபியைத் தின்னக் கொடுத்துப் பற்கள் சொத்தையாவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நினைத்தாலே மனம் வலிக்கும் காரியம் அது. அவர்கள் பற்களை இழந்து நமக்குத் தெரியவந்த உண்மை இது: சாப்பாட்டோடு சேர்த்து உண்ட சர்க்கரையால் வந்த கேடு குறைவு, இடைவேளைகளில் தின்ற ஒட்டும் மிட்டாயால் வந்த கேடு மிக அதிகம். சனிக்கிழமை மட்டும் மிட்டாய் என்ற வழக்கம் ஸ்வீடன் வீடுகளில் பரவியது அதன் பிறகுதான். நம் வீட்டிலும் அதைச் செய்யலாம். கமர்கட்டும் ஜவ்வு மிட்டாயும் தினம் ஒன்றாக வேண்டாம், வாரத்தில் ஒரு நாள் சாப்பாடு முடிந்ததும் வேண்டிய அளவு கொடுத்துவிட்டு வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். பிஸ்கட்டும் உருளைக்கிழங்கு சிப்ஸும் இனிப்பில்லை என்று விட்டுவிடாதீர்கள். மென்றதும் மாவாகிக் கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் அப்பிக்கொள்வதில் அவை மிட்டாய்க்குக் குறைந்தவை அல்ல. கருப்பட்டி, வெல்லம், தேன் எல்லாமே கிருமிக்குச் சர்க்கரைதான். பெரியவர்களுக்குச் சிக்கல் டீயில் இருக்கிறது. நாளுக்கு ஐந்து முறை சர்க்கரை போட்ட டீயை மெல்ல மெல்லக் குடித்தால் பல் நாளெல்லாம் அமிலத்திலேயே இருக்கிறது. எண்ணிக்கையைக் குறையுங்கள், அல்லது இடையில் குடிக்கும் டீயிலாவது சர்க்கரையை நிறுத்துங்கள்.

10. பால்புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்க விடாதீர்கள். மேல் முன்பற்கள் நான்கும் பொடிந்து கறுத்துப்போன இரண்டு வயதுக் குழந்தைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரவெல்லாம் பல்லைச் சுற்றித் தேங்கி நிற்கும் பால்தான் காரணம். அழுகையை நிறுத்த ரப்பரைத் தேனில் தொட்டு வைப்பதும் இதே கேட்டைச் செய்யும். பல் முளைக்கும் முன்பே, பால் கொடுத்த பின் ஈரத்துணியால் ஈறைத் துடைத்துப் பழக்குங்கள். முதல் பல் எட்டிப் பார்த்ததும் குட்டி பிரஷுக்கு மாறிவிடுங்கள். மாதம் ஒருமுறை மேலுதட்டைத் தூக்கி, ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். சொத்தையின் முதல் அடையாளம் கறுப்பு அல்ல, அந்த மங்கிய வெள்ளைதான். அந்தக் கட்டத்தில் காட்டினால் குழி விழாமலே தடுத்துவிடலாம்.

11. "பால் பல்தானே, எப்படியும் விழப்போகிறது" என்ற பேச்சு இன்றும் வீட்டுக்கு வீடு கேட்கிறது. பால் பற்கள் இருபதும் ஒரே நேரத்தில் விழுவதில்லை. கடைவாயில் உள்ளவை பத்துப் பன்னிரண்டு வயது வரை நின்று, வரப்போகும் பல்லுக்கு இடம் பிடித்து வைக்க வேண்டியவை. சொத்தையால் அவற்றை முன்னதாகவே எடுத்துவிட்டால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும், பின்னால் கம்பி கட்ட நேரும்.

இதைவிடப் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ஆறு வயது வாக்கில், எந்தப் பல்லும் விழாமலே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் மேலும் கீழும் இரு பக்கமும் ஒவ்வொன்றாக நான்கு பெரிய பற்கள் முளைக்கும். அவை பால் பற்கள் அல்ல, வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய நிரந்தரப் பற்கள். விழுந்து முளைக்காததால் பெற்றோர் பலர் அவற்றையும் பால் பல் என்றே நினைத்துக்கொள்கிறார்கள், சொத்தை விழுந்தும் விட்டுவிடுகிறார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் வாயை நல்ல வெளிச்சத்தில் திறந்து பாருங்கள். அந்தப் பல் வந்திருந்தால் அதன் மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் தெரியும். பல் மருத்துவர் அந்தப் பள்ளங்களை வலியின்றி, ஊசியின்றி ஒரு பூச்சால் அடைத்துவிடுவார். பின்னாளில் ரூட் கெனாலுக்கு ஆகும் செலவோடு பார்த்தால் இது மிகச் சிறிய தொகை. ஏழெட்டு வயது வரை பிள்ளை தானே விளக்கினாலும், இரவில் ஒருமுறை பெரியவர் பிரஷை வாங்கி விளக்கி விடுவதை நிறுத்தாதீர்கள்.

12. விளையாட்டிலோ வண்டியிலிருந்து விழுந்தோ நிரந்தரப் பல் முழுதாகப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால், அது திரும்ப ஒட்டும். நேரம்தான் கணக்கு. பல்லை அதன் வெள்ளைப் பகுதியில் பிடித்து எடுங்கள், வேரைத் தொடாதீர்கள், துடைக்காதீர்கள், தேய்க்காதீர்கள். மண் பட்டிருந்தால் பாலிலோ தண்ணீரிலோ ஒரு கணம் அலசிவிட்டு, அது இருந்த குழியிலேயே திரும்பப் பொருத்தி, சுத்தமான துணியை மெல்லக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஒரு சின்ன டப்பாவில் காய்ச்சி ஆறிய பால் ஊற்றி, அதில் பல்லைப் போட்டு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் சேர்த்துவிட்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. காகிதத்தில் மடித்துக் காய விட்டால் வேரைச் சுற்றிய உயிரணுக்கள் இறந்துவிடும். பால் பல்லாக இருந்தால் திரும்பப் பொருத்தக் கூடாது, உள்ளே வளரும் பல்லுக்கு அடிபடும். இந்தக் குறிப்பைப் பள்ளி ஆசிரியர்களுக்கும் விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

13. நடு இரவில் பல் வலி வந்தால் பஞ்சில் ஒரு சொட்டுக் கிராம்புத் தைலம் தொட்டுச் சொத்தைக் குழியில் மட்டும் வையுங்கள். கிராம்பில் உள்ள யூஜினால் சற்று நேரம் மரத்துப்போகச் செய்யும். அதிகமானால் ஈறும் கன்னமும் வெந்துபோகும். மாத்திரையைப் பொடித்துப் பல்லில் வைப்பதும் புண்ணாக்கும். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், வேண்டுமானால் கன்னத்தில் வெளியே குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக்கால் வலி அடங்கினால் குணமாகிவிட்டதாக எண்ண வேண்டாம். பல்லின் நரம்பு இறந்துபோனாலும் வலி நின்றுவிடும், சீழ் மட்டும் வேரடியில் வளர்ந்துகொண்டே போகும். முகம் வீங்கி, காய்ச்சலும் சேர்ந்து, விழுங்கவோ வாய் திறக்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஏற்பட்டால் விடியும்வரை காத்திருக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பல்லிலிருந்து கழுத்துக்கு இறங்கும் சீழ் உயிரையே பறிக்கும்.

14. பல் விளக்கும்போது ரத்தம் வந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு விளக்குவதுதான் பலரும் செய்வது. செய்ய வேண்டியது நேர்மாறானது. அங்கே அழுக்கு தங்கியிருப்பதால்தான் ஈறு வீங்கி ரத்தம் வருகிறது. மென்மையாக ஆனால் தவறாமல் விளக்கினால் ஒன்றிரண்டு வாரத்தில் நிற்கும். நிற்காவிட்டால் காரை படிந்திருக்கிறது என்று பொருள், அதை எந்தப் பேஸ்ட்டும் கரைக்காது. மருத்துவரிடம் போய்ச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும்.

"கிளீன் பண்ணினால் பல் ஆடிப்போகும்" என்ற பயத்தால் எத்தனையோ பேர் பல்லை இழந்திருக்கிறார்கள். உண்மையில் பல்லை ஆட வைப்பது காரைதான். அது ஈறுக்கு அடியில் புகுந்து, பல்லைத் தாங்கும் எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. கரைந்த இடத்தையும் காரையே அடைத்துக்கொண்டிருப்பதால் பல் உறுதியாக இருப்பதுபோல் தோன்றும். அதை எடுத்ததும் ஏற்கெனவே உண்டான இடைவெளி வெளியே தெரிகிறது, சில நாள் கூச்சமும் இருக்கும். பிறகு ஈறு இறுகும். சுத்தம் செய்யாமல் விட்ட பல் ஒருநாள் வலியே இல்லாமல் கழன்று கையில் வரும். சர்க்கரை நோயாளிகள் இதில் இரு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுப்படாது.

15. கர்ப்பிணிகளுக்கு ஹார்மோன் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கி ரத்தம் கசியும். "பிள்ளைப்பேறு முடியட்டும்" என்று வலியைப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். கர்ப்பமாக இருப்பதைச் சொல்லிவிட்டுச் சிகிச்சை பெறலாம். நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை அதற்கு மிகவும் வசதியான காலம். மசக்கை வாந்திக்குப் பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆப்பச் சோடா கலந்து கொப்பளித்தால் அமிலம் தணியும்.

16. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகாது. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. அழுகிய மேல் பல்லைப் பயத்தால் வாயிலேயே வைத்திருப்பதுதான் ஆபத்து.

17. குழந்தைகளின் பல்லில் சுண்ணாம்பு பூசியதுபோல் திட்டுகளோ பழுப்புக் கோடுகளோ இருந்து, எவ்வளவு விளக்கியும் போகவில்லையென்றால் குடிதண்ணீரைச் சந்தேகியுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துக் கிராமங்களில் பாறைக்குள் ஆழமாகத் துளைத்த போர் தண்ணீரில் ஃப்ளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் வரம்பு. பல் எலும்புக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் எட்டு வயது வரையிலான காலத்தில்தான் இந்தக் கறை பதிகிறது, முளைத்த பிறகு தேய்த்துப் போக்க முடியாது. பலர் செய்யும் தவறு, தண்ணீரைக் காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நம்புவது. காய்ச்சினால் தண்ணீர் ஆவியாகும், ஃப்ளோரைடு அப்படியே நிற்கும், செறிவு கூடும். காவிரி நீரைக் கொண்டுவர ஜப்பான் கடனுதவியோடு கட்டி, 2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்தக் கொடுமையை மனதில் வைத்து வந்ததுதான். அந்தப் பகுதிகளில் இருப்பவர்கள் குடிக்கவும் சமைக்கவும் குழாயில் வரும் ஆற்றுநீரையே எடுங்கள், போர் தண்ணீரைத் துவைக்கவும் குளிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். வேறு வழியே இல்லையென்றால் ஆர்.ஓ. கருவி ஃப்ளோரைடைக் குறைக்கும்.

18. விருந்துக்குப் பிறகு ஒரு தாம்பூலம் என்பது வேறு, நாளெல்லாம் கன்னத்தில் அடக்கிவைப்பது வேறு என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் பாக்கு விஷயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றைச் சொல்ல முடியாது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத பாக்கையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் வைத்தது. வெற்றிலை மேல் பழி இல்லை, கெடுதல் பாக்கிலும் புகையிலையிலும் இருக்கிறது. பாக்குப் பொட்டலங்களை இடைவிடாமல் மெல்லும் இளைஞர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் நாராக இறுகி, வாய் திறப்பது ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகும். முதலில் காரம் தாங்காது, பிறகு ஒரு கவளம் சோறு நுழையாது. நடுவிரல்கள் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் வைத்துப் பாருங்கள். மூன்றும் நுழைய வேண்டும்.

வீட்டில் பாக்கு, புகையிலை, பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று நாக்கின் இரு ஓரங்கள், நாக்கின் அடி, கன்னத்தின் உட்புறம், மேலண்ணம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, தடிப்பு, அல்லது இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண் எதுவாக இருந்தாலும் உடனே காட்டுங்கள். வலி இல்லை என்பதால் விட்டுவிடாதீர்கள். வாய்ப் புற்று தொடக்கத்தில் வலிப்பதில்லை. அப்போது கண்டுபிடித்தால் பிழைக்க வைக்க முடியும்.

19. வெள்ளைச் சிரிப்புக்காக எலுமிச்சைச் சாற்றில் ஆப்பச் சோடா குழைத்துப் பூசுங்கள், ஸ்ட்ராபெரி தேயுங்கள் என்று வரும் யோசனைகளை நம்பாதீர்கள். முதலில் அமிலம் எனாமலைக் கரைக்கும், அடுத்து பொடி அதைச் சுரண்டும். எனாமல் மெலிந்தால் அடியில் இருக்கும் மஞ்சள் நிறத் திசு இன்னும் தெளிவாகத் தெரியும், பல் முன்னைவிட மஞ்சளாகும். ஆரோக்கியமான பல் தாள்போல் வெள்ளையாக இருக்காது, சற்றே மஞ்சள் கலந்திருப்பதே இயல்பு. டீ, காபி, வெற்றிலைக் கறை மருத்துவர் சுத்தம் செய்தாலே போய்விடும். வெளுப்புச் சிகிச்சை செய்வதானால் அவர் மேற்பார்வையில் செய்யுங்கள். கேப் போட்ட பல்லும் அடைத்த பல்லும் அதில் நிறம் மாறாது என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். சிரிப்பின் அழகுக்கு நிறத்தைவிட ஈறின் இளஞ்சிவப்பும் வாயின் சுத்தமுமே காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

20. பால் கவரைப் பல்லால் கிழிப்பது, நூலைக் கடித்து அறுப்பது, சோடா மூடியைத் திறப்பது, ஐஸ்கட்டியைக் கடிப்பது எல்லாவற்றையும் விடுங்கள். ரூட் கெனால் செய்த பல் எளிதில் உடையும். அப்படிப்பட்டவர்கள் பொங்கல் கரும்பைத் துண்டாக நறுக்கிச் சாப்பிடட்டும், சீடையையும் வறுத்த பட்டாணியையும் அந்தப் பக்கம் கடிக்காமல் இருக்கட்டும்.

21. பல்செட் போட்டவர்கள் இரவில் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். ஈறுக்கு ஓய்வு கொடுக்காவிட்டால் பூஞ்சை படர்ந்து அண்ணம் சிவந்து எரியும். மென்மையான பிரஷும் சோப்பும் போட்டுக் கழுவி, சாதாரணத் தண்ணீரில் மூழ்க வையுங்கள். வெந்நீர் பட்டால் வளைந்துவிடும். கழுவும்போது அடியில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டால் கை தவறினாலும் உடையாது. பல்லே இல்லாத ஈறையும் நாக்கையும் தினமும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். படுக்கையில் இருக்கும் முதியவர்களுக்கு இதைச் செய்து விடுவது வீட்டிலுள்ளவர்களின் கடமை. வாயில் சேரும் கிருமிகள் நுரையீரலுக்கு இறங்கிச் சளிக்காய்ச்சலை உண்டாக்கக் கூடும்.

22. நல்லெண்ணெய் கொப்பளிப்பது பிடித்திருந்தால் செய்யுங்கள், தடை ஒன்றுமில்லை. பல் விளக்குவதற்குப் பதிலாக மட்டும் அதை வைத்துக்கொள்ளாதீர்கள். கொப்பளித்த எண்ணெயை விழுங்கக் கூடாது, சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. ஈறு வீக்கத்துக்கும் வாய்ப்புண்ணுக்கும் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளிப்பது இதம் தரும். பல் பிடுங்கிய அன்று மட்டும் கொப்பளிக்கவோ காறித் துப்பவோ கூடாது. குழியில் உறைந்த ரத்தம் கலைந்தால் வலி கடுமையாகும். மறுநாள் முதல் உப்புத் தண்ணீர் நல்லது.

23. பல் மருத்துவரிடம் போகும்போது சாப்பிடும் மருந்துகளின் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, சர்க்கரை மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்கான ஊசி, இதய வால்வு அறுவை சிகிச்சை என எதையும் மறைக்காதீர்கள். "பல் பிடுங்கப் போகிறோமே" என்று ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரையை நீங்களாகவே நிறுத்தவும் கூடாது.

24. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, முடியாவிட்டால் ஆண்டுக்கு ஒருமுறையாவது, வலி இல்லாதபோதே பல்லைக் காட்டுங்கள். பணம் தடையாக இருக்க வேண்டியதில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக 1953-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பூங்கா நகரில் இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல் பிரிவு உண்டு. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் வெளியில் ஆவதைவிடக் குறைந்த செலவில் பார்க்கிறார்கள். அங்கே மாணவர்கள் செய்வதைப் பேராசிரியர்கள் அருகிருந்து பார்த்துக்கொள்வார்கள், நேரம் மட்டும் சற்று அதிகம் ஆகும். சின்னச் சொத்தையை அடைக்கப் பெரும்பாலும் ஒரே ஒரு முறை போனால் போதும். வலி வந்தபின் அதே பல்லுக்கு ரூட் கெனால், கேப் என்று பலமுறை நடக்க வேண்டியிருக்கும். இந்த மாதமே ஒரு நாளைக் குறித்து, வீட்டில் ஆறேழு வயதுப் பிள்ளையும் பாக்குப் போடும் பெரியவரும் இருந்தால் அவர்களை முதலில் அழைத்துக்கொண்டு போங்கள்.